கபுக்கிக்குப் பூசிய பவுடர்

“படிக்கவே தெரியாத புஸ்தகத்த வெச்சிக்கிட்டு நீ என்னம்மா பண்ணப்போற?”

ஆறாம் வகுப்பில் என் டீச்சர் கேட்டது. பதிலுக்காகக் கேட்கவில்லை. கேட்டபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அன்று மாலையே அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

படிக்கவே தெரியாது என்பது முதலில் உண்மையில்லை. ஒரு வார்த்தை தெரியும். அட்டைகளில் கொட்டை எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி ‘கபுக்கி’ என்று படித்து வைத்திருந்தேன். எங்கள் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வார்த்தையே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. கொக்கு மீனைக் கபக்கென்று பிடிப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று முடிவு செய்துகொண்டார்கள். நான் தெருவில் இறங்கினால், “கபுக்கு, கபுக்கு” என்று கையைக் கொக்கு மூக்குப் போலக் குவித்துக் கொத்திக் காட்டுவார்கள்.

அந்தப் புத்தகங்கள் என்னிடம் வந்ததே அவை வேறெதற்கும் உதவாதவை என்பதால்தான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். இரண்டு பேரும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் பலகையில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வீடுவீடாகப் போவாள். அதில் ஒன்று, பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் மதாம் என்று கூப்பிட்ட ஒரு அம்மாவின் வீடு. தமிழ் மதாம்தான், புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் மகன் ஜப்பானில் வேலை பார்த்தபோது அந்த ஊர்க் கபுக்கி நாடகத்தில் பைத்தியமாகி, அதைப் பற்றி பிரெஞ்சில் வந்த பத்திரிகைகளையும் படப் புத்தகங்களையும் வாங்கி வாங்கி வீட்டுக்கு அனுப்பினாராம். மீன் மடிக்கப் பழைய பேப்பர் உண்டா என்று அம்மா கேட்கப்போக, மதாம் அந்த அடுக்கிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார். வழவழப்பான தாள். ஈரத்தை இழுக்காது. மத்தி வழுக்கிக்கொண்டு கீழே விழும். அம்மா சலிப்போடு அவற்றை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நான் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பூசிய முகத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள். ஒருவர் காலை அகட்டி, கையை விரித்து, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் தள்ளி முறைத்துக்கொண்டு நின்றார். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து மாறுகண் என்றார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. கூத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பானே, அதே நிற்பு. இது கூத்து. ஜப்பான்காரர்களும் கூத்தாடுகிறார்கள். பூமியில் வேறு யாருக்கும் தெரியாத சேதி எனக்குத் தெரிந்துவிட்டது போல அன்று நடந்துகொண்டேன்.

அதன் பிறகு அம்மாவை விடவில்லை. மதாம் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். மீன் கூடையின் ஓரத்தில் செருகிக்கொண்டு வருவாள். சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கொடுத்த தகரப் பெட்டியில், மாற்றுத் துணிகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, கபுக்கிக்காரர்களைக் குடியேற்றினேன்.

அந்தப் படங்களில் பெண்கள் நிறைய. தலை குனிந்து, குடையின் கீழ், விசிறிக்குப் பின்னால். பெண்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ஒருவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். மேலாடையை இடுப்புவரை இறக்கி, பிடரியில் அகலமான தூரிகையால் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பார்த்தால் ஆண். தொண்டையில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே முகம், குடையின் கீழ் நிற்கும் பெண்ணாக. எனக்கு ஆச்சரியம் ஒரு நொடிதான். குப்பத்தில் கூத்து நடந்தால், கொட்டகைக்குப் பின்னால் போய் வேஷம் கட்டுவதை எட்டிப்பார்க்காத பிள்ளை உண்டா? எங்கள் பாஞ்சாலி, ஷேவ் செய்துகொண்டுதானே சபைக்கு வருவார்.

அந்த வருஷம் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் வகுப்புக்கு வெளிநாட்டுப் பண்பாடு. யாரிடமாவது ஏதாவது இருந்தால் கொண்டுவரலாம் என்று டீச்சர் சொன்னார். ஒருத்தி குவைத்திலிருந்து வந்த பேரீச்சம்பழ டப்பாவைக் கொண்டுவந்தாள். நான் என் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். கேட்டாரே தவிர, புத்தகங்களைத் திருப்பித் தரவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேஜையில் அவற்றைப் பரப்பி வைத்தார்கள். டீச்சர் தன் கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு புத்தகமாக விரித்துப் பக்கங்களின் நடுவே தூவி, கைக்குட்டையால் துடைத்தார். நான் பூரித்துப்போனேன். மேடை ஏறும் முன் கபுக்கிக்காரர்கள் வெள்ளை பூசிக்கொள்வார்கள் அல்லவா, டீச்சர் அதைப் புரிந்துகொண்டு புத்தகங்களுக்கே வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். அவர்மேல் அன்று எனக்கு இருந்த மரியாதை அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

அந்த மரியாதை அட்டையில் எழுதி ஒட்டிய தலைப்பைப் பார்க்கும்வரை நீடித்தது. ‘ஜப்பான் நாட்டு அழகிகள்.’

அவர்கள் ஆண்கள் என்று சொன்னேன். உளறாதே என்றார். நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். அது மேக்கப் போடுகிற ஆள் என்றார். திறந்த மார்போடு ஒரு ஆள் இருக்கும் படத்தைப் பெண்கள் பள்ளியில் வைக்க முடியாதென்று சொல்லி, அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் குண்டூசி குத்தி மூடினார். வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வகுப்புத் தலைவியை நிறுத்தினார். அவளுக்குத் தெளிவாகப் பேச வரும் என்றார். என்னைக் கதவோரம் நின்று, கூட்டம் முண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

என் புத்தகத்துக்கு நான் காவல்காரி.

கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வகுப்புத் தலைவி குச்சியால் தொட்டுத் தொட்டு, ஜப்பான் நாட்டுப் பெண்கள் அடக்கத்துக்குப் பேர் போனவர்கள் என்று ஒப்பித்தாள். அதிகாரி தலையாட்டினார். எனக்குத் தாங்கவில்லை. கதவோரத்திலிருந்தே சொன்னேன்.

“அது பொம்பளைங்க இல்ல சார். எல்லாரும் ஆம்பளைங்க.”

சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தபடி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“தொண்டையப் பாருங்க சார். எங்க குப்பத்துப் பாஞ்சாலிக்கும் அப்படித்தான் இருக்கும்.”

இப்போது எழுந்த சிரிப்பு வராந்தா வரைக்கும் போனது. நான் மேஜைக்கு ஓடி, குண்டூசியைப் பிடுங்கி, நடுப்பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, நல்ல புத்தகமாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்டார்.

“ஸ்கூலுதுதான் சார்” என்றார் டீச்சர்.

கண்காட்சி முடிந்ததும் என் கபுக்கிக்காரர்கள் நூலகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் போனார்கள். பூட்டு விழுந்தது. காலிப் பெட்டி கடகடக்க வீட்டுக்கு நடந்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர்மேல் முழுப் பழியும் போட மனம் வராமல், புத்தகத்துக்கு அவர் பவுடரெல்லாம் போட்டார் என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன். அதுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த அம்மா, அதைக் கேட்டதும் தன் மீன் கூடையைத் திரும்பிப் பார்த்தாள். எங்கெங்கே போட்டாங்க என்று மட்டும் கேட்டாள். எல்லாப் பக்கத்திலும் என்றேன்.

மறுநாள் மதியம், பாதி மீன் விற்காத கூடையோடு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சரும் வந்தார். புத்தகம் பள்ளியில் இருந்தால் நான்கு பிள்ளைகள் பார்ப்பார்கள், குப்பத்து வீட்டில் இருந்தால் வீணாகத்தான் போகும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“வீணாப் போனா போவுது டீச்சரம்மா. எம்பொண்ணு பொருளு” என்றாள் அம்மா.

பெரிய டீச்சர் வேலையாக இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார் டீச்சர்.

“பரவால்ல. நான் இங்கியே குந்திக்கிறேன்.”

வாசற்படியின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். எனக்குப் பதைத்தது. நிழலில் நின்றால்கூடச் சாக்கை விலக்காதவள், உச்சி வெயிலில் மீனைத் திறந்து வைக்கிறாளே, கெட்டுவிடாதா? மூடும்மா என்றேன். நீ சும்மா இரு என்றாள். காற்று பள்ளிக்கூடத்துக்குள் வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அதிக நேரம் ஆகவில்லை. வேலையாக இருந்த பெரிய டீச்சரே கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வந்தார். பின்னாலேயே ஆயாம்மா என் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்தார்.

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். புத்தகங்களைக் கூடையில் செருகாமல் என்னிடமே கொடுத்தாள். அதற்குப் பிறகு மதாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூடையிலிருந்து தள்ளி, இடது கையில் தனியாகப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கை வலிக்குமே, முன்பு போலச் செருகிக்கொள்ளேன் என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன். பெரிய டீச்சர் அன்று இறங்கி வந்தது அம்மாவின் பொறுமையைப் பார்த்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். பவுடர், வேஷத்துக்குப் போட்டது என்றும். மீன் வாடையிலேயே வளர்ந்த மூக்குக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நான் பிரெஞ்சில் முதுகலை முடித்துவிட்டேன். நடுப்பக்கப் படத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பெண் வேடத்துக்குத் தயாராகும் நடிகர்.’ அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. டீச்சருக்கும் அந்த மொழி தெரியாது, எனக்கும் தெரியாது. படிக்கத் தெரியாதவள் என்ற பட்டம் மட்டும் எனக்கு.

போன மாதம் அதே பள்ளியிலிருந்து அழைப்பு. கண்காட்சியில் பழைய மாணவிகளுக்கு ஒரு மேஜையாம். ஜப்பான் புத்தகங்கள் இன்னும் இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னார்கள், பிள்ளைகள் யாராவது விளக்கிக்கொள்வார்களாம். நானே வருகிறேன், அம்மாவும் வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று புத்தகங்களை அம்மாவின் அன்னக்கூடையில் அடுக்கினேன். கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவித் தரட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். நடுப்பக்கத்தைத் திறந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். குண்டூசி குத்திய துளைகள் இன்னும் தெரிகின்றன. மூடச் சாக்கு எடுத்துவந்தவளிடம் அதையும் வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, கூடையைக் கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.