மேசை விளிம்பில் ஒரு கை

அப்துல் அஜீஸ், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தோரு வருடமாகத் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். ரமலான் மாதத்தில் பொழுது சாயும் நேரத்துக்கு அந்தக் கடைக்குள் நுழைந்தவர்கள் யாரும் அவரை மறக்க மாட்டார்கள். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நொடியில், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒன்றை எதிரே நிற்பவர் கையில் வைத்துவிடுவார். நோன்பாளியா, ரவிக்கைத் துணி பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நோன்பு திறக்க ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். மற்ற எல்லா விஷயத்திலும் அத்தாவின் கடிகாரம் அரைமணி நேரம் பிந்தித்தான் ஓடும் என்பாள் மகள் முனீரா.

2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகள் வந்து கடையை மூடினார்கள். ஈசூன் வட்டாரத்தில் அவர்களுடைய மூவறை வீட்டில் நான்கு பேரும் நாள் முழுக்க அடைந்துகிடந்தார்கள். கூடத்தில் தம்பி ஷாஹித்தின் பள்ளிக்கூடம், அடுப்படியில் அம்மா உம்மு சல்மாவின் ஆட்சி, படுக்கையறையில் முனீராவின் பல்கலைக்கழகம். புள்ளியியலில் இரண்டாம் ஆண்டு. விரிவுரையாளர் ஸூமில் கேள்வி கேட்டு அவள் மைக்கைத் திறந்தால் முந்திக்கொண்டு பதில் சொல்வது பிரஷர் குக்கர்தான். அதனால் பதிவான விரிவுரைகளை விடியும் முன் சஹர் சாப்பிட்ட கையோடு, வீடு தூங்கும்போதே கேட்டு முடித்துவிடுவாள். நேரடி வகுப்புகளுக்கு அத்தாதான் காவல். அவளுடைய கால அட்டவணையை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கதவில் ஒட்டிவைத்து, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். துணி கிழிக்க வழியில்லாத மனுஷனுக்கு அது ஒரு வேலையாயிற்று.

மே மாதத் தொடக்கத்தில் தேர்வு. மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. மடிக்கணினியின் கேமரா முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கைப்பேசி நின்று மேசையையும் கைகளையும் பதிவு செய்ய வேண்டும். அறைக்குள் யாரும் வரக் கூடாது, பேசக் கூடாது. பிஸ்கட் டின் மேல் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்திக் கொடுத்தவரே அத்தாதான்.

கடைசிக் கேள்வியில் மூழ்கியிருந்தபோது மேசை விளிம்பில் ஒரு பேரீச்சம்பழம் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. முனீரா எடுத்தாள், முணுமுணுத்தாள், வாயில் போட்டாள், எழுதினாள். அவ்வளவுதான். அப்புறம் மறந்தே போனாள்.

மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. தேர்வின்போது வேறொருவர் கை உங்களுக்கு எதையோ கொடுத்தது, உங்கள் உதடுகள் அசைந்தன, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஸூமில் விளக்கம் தர வேண்டும் என்றது. விளக்கத்தை ஏற்காவிட்டால் அந்தத் தாளுக்குச் சுழியம். அது இல்லாமல் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை எடுக்க முடியாது. ஒரு வருடம் போய்விடும்.

"யாரும் உள்ள வரக் கூடாதுன்னு எத்தனை தடவ சொன்னேன் அத்தா?"

"தவழ்ந்துதானம்மா வந்தேன். லேப்டாப்புல என் தலைகூடத் தெரியல."

"போன்?"

"அது மணி பாக்க வெச்சதில்லையா?"

முனீராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, கத்தினாள். அத்தா கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை வகுப்புத் தோழி ஃபஸீலா தொலைபேசியில் சொன்னது இன்னும் சுட்டது. "நான் முன்னாடியே ப்ரொஃபஸருக்கு ஒரு இமெயில் போட்டேன் லா. பேரீச்சம்பழமும் தண்ணியும் டேபிள்ல வெச்சுக்கோன்னுட்டாங்க. நீ கேக்கலையா?"

கேட்கவில்லை. இதற்கெல்லாமா எழுதுவது என்று கூச்சம். தன் மேல் வந்த கோபமும் சேர்ந்து அத்தாவின் தலையில்தான் விடிந்தது. வெள்ளிக்கிழமை வரை அவரோடு பேசவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் அவர் தட்டில் வைத்த பழத்தை நிமிர்ந்து பார்க்காமல் தின்றாள்.

வெள்ளிக்கிழமை அத்தா தேய்த்த சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாவிட்டால் வாயே திறக்கக் கூடாது என்று உம்மு சல்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

திரையில் மூன்று பேர். அவர்களில் மூத்த பேராசிரியை கைப்பேசியில் பதிவானதை ஓடவிட்டார். முனீரா அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஏழு மணி ஏழு நிமிடம். மேசை விளிம்புக்குக் கீழிருந்து ஒரு கை எழுந்தது. திரையிலிருந்த முனீரா கவனிக்கவில்லை, தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். கை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. மூன்றாவது நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கியது. இன்னொரு கை மேலே வந்து அதன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தது. ஏழு பதினொன்றுக்குத்தான் அவள் திரும்பினாள்.

முனீரா நாற்காலியில் நேராக உட்காரப் பெரும்பாடு பட்டாள்.

"யாருடைய கை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் பேராசிரியை.

அத்தா கேமராவுக்கு முன்னால் குனிந்தார். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசும் அதே ஆங்கிலத்தில், அது தன் கை, கையில் இருந்தது நோன்பு திறக்கும் பழம், மகளுக்கு முன்னமே ஒன்றும் தெரியாது, தப்பு தன்னுடையது என்றார்.

"நான்கு நிமிடம் ஏன் காத்திருந்தீர்கள்? கூப்பிட்டிருக்கலாமே?"

"எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கவனம் கலைந்துவிடும்."

உதடு அசைந்தது எதற்கு என்று கேட்டார்கள். முனீரா நோன்பு திறக்கும் துஆவை ஓதி, அர்த்தமும் சொன்னாள். மூவரும் திரையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். விளக்கம் ஏற்கப்பட்டது. இனிமேல் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடு, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம் என்றார் பேராசிரியை.

முனீரா மடிக்கணினியை மூடினாள். அத்தா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாங்கு எனக்குக் கேக்கவே இல்ல அத்தா."

"ஒனக்குத் தொந்தரவா இருக்கும்னு ரேடியோவ நான்தான் கொறச்சு வெச்சேன்."

"அப்ப நீங்க எப்ப நோன்பு திறந்தீங்க?"

அவர் உம்மு சல்மாவின் காதில் விழாதே என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒன்னுதானம்மா கொண்டு வந்தேன். நீ வாயில போட்டதும் வெளிய போய்த் திறந்தேன்."

முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் ஒரு நிமிடம் பிந்தாதவர். முனீரா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். தேய்த்த சட்டை நனைந்தது.

அன்று மாலை வானொலியைச் சத்தமாகவே வைத்தார்கள். அத்தா தட்டுப் பக்கம் கையை நீட்டும் முன்பே முனீராவின் கை அவர் முன்னால் நீண்டிருந்தது. பழத்தில் கொட்டை எடுத்திருந்தது.