வக்கீலுக்குக் கணக்கு எதற்கு?

மேலப்பாளையத்தில் இருக்கிறோம். என் மகள் சபீனாவுக்கு வக்கீலாக ஆசை. சட்டத்துக்கு முன் ஒரு பட்டம் வேண்டுமே, கணக்கு எடுக்கிறேன் என்றாள். காக்கா, அதாவது என் அண்ணன், சிரித்தார். "கோர்ட்டுல பேசத்தான போறா? இங்கிலீஷ் எடுக்கச் சொல்லு."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அவளுக்குத் தெரியாமல் கல்லூரிக்குப் போய், பாடத்தை மாற்றச் சொன்னேன். "இங்கிலீஷ்ல சீட் முடிஞ்சுட்டும்மா" என்றார் எழுத்தர். வருத்தத்தோடு திரும்பினேன்.

கணக்கில் பட்டம் வாங்கிய சபீனா இப்போது சட்டம் படிக்கிறாள். போன மாதம் அவள் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. காக்காவும் நானும் போயிருந்தோம். கொடுத்த வழக்கு இது: இறந்துபோன ஒருவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன். ஷரீஅத் என்ற இஸ்லாமியச் சட்டப்படி அவர் வீட்டைப் பங்கு வைக்க வேண்டும். எதிரணி மாணவர் ஒவ்வொரு பங்கையும் சரியாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வீட்டைத் தாண்டிப் போனது. அங்கேயே திணறி நின்றுவிட்டார்.

சபீனா எழுந்தாள். "வீட்டை இருபத்து நான்கு பாகமாக வைத்தால், எல்லோர் பங்கும் சேர்ந்து இருபத்தேழு பாகம் வருகிறது, ஐயா. வீட்டை இருபத்தேழாகப் பிரித்தால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். யாருக்கும் அநியாயமில்லை."

கோப்பை அவளுக்குத்தான்.

வெளியே வந்ததும் காக்கா, "இனி வக்கீலுக்குப் படிக்கணும்னு யார் வந்தாலும் கணக்கு எடுக்கச் சொல்லுவேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் காக்கா. என்ன படிக்க ஆசைன்னு வர்ற பிள்ளைகிட்டயே கேளுங்க, போதும்."

இந்த வருடம் என் இளைய மகனும் சட்டத்துக்கு முன் தாவரவியல் படிக்கிறேன் என்றான். ஏன் என்று கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். காக்காவும் பக்கத்தில்தான் இருந்தார். பேனாவை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.