வாசலில் இன்னொரு ஜோடி

இது நடந்தது. போன ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? பகல் பன்னிரண்டுக்கும் கடிகார முள் அதே இடத்தில்தான் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் திருமழிசை தொழிற்பேட்டைக்குப் போய் அனுசுயாவின் இட்லி மாவுக் கம்பெனி எங்கே என்று கேளுங்கள். வழி காட்டுவார்கள். மேலே ஏதாவது கேட்டால்தான் பேச்சை மாற்றுவார்கள்.

பட்ட காலிலே படும் என்பது அனுசுயாவுக்கென்றே சொன்ன மாதிரி இருந்த வருஷம் அது. புருஷன் கோவிந்தனுக்குத் திடீரென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மனிதர் ஏழு மாதமாய்ப் படுக்கையில் கிடந்தார். பேச்சில்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மணிக்கு ஒரு தரம் மிஷின் வைத்துச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தவறினால் மூச்சு அடைக்கும். பகலில் பார்த்துக்கொள்ள பொன்னம்மாள் என்று ஒரு ஆயா வருவாள். ஒரு மணி அடித்தால் அவள் இன்னொரு வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்குள் அனுசுயா ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு பூந்தமல்லி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு அரைப்பாள். மாவும் புளிக்கக் கூடாது, மனுஷனுக்கும் மூச்சடைக்கக் கூடாது. அவள் வாழ்க்கை அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

மாவு டப்பாக்களைக் குளிரில் அடுக்கி வைக்க ஒரு கோல்டு ரூம் வாங்கியிருந்தாள். ஆள் உள்ளே போய் வருகிற அளவுக்குப் பெரியது. அம்பத்தூரில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் உஸ்மான் கனி பாயிடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. பழைய வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்து மூன்று நாள் கழுவினார்கள். உள்ளேயிருந்து கதவைத் தள்ளித் திறக்க ஒரு கம்பி இருக்கும். இதில் அது இல்லை. அந்த ஓட்டையை யாரோ அடைத்திருந்தார்கள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

அதனால் அங்கே ஒரு பழக்கம் வந்தது. உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே இருக்கும் வெள்ளை பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பூட்டுவதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு அதை ஒருநாளும் மீறியதில்லை.

அந்த வியாழக்கிழமை, மாதாந்திர பவர் கட். வேலையாட்களுக்கு லீவு. டில்லிபாபு மட்டும் லோடு எடுக்க வந்திருந்தான். குளிர் வெளியே போகாமல் இருக்க, கரண்ட் வரும்வரை கோல்டு ரூமைப் பூட்டி வைப்பது வழக்கம். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்னம்மாள் போன் பண்ணினாள்.

"சளி கட்டிகினு கீதும்மா. சீக்கிரம் வந்துடு."

போனை மேஜைமேல் வைத்தாள். காலையில் அரைத்தது புளித்திருக்குமோ என்று ஒரே கவலை. ஒரு டப்பாவை மோந்து பார்த்துவிட்டு ஓடிவிடலாம். அரை நிமிஷ வேலை. செருப்போடு உள்ளே போனாள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்கூட கை போகாது என்பார்கள். அவள் ஆளே உள்ளே போய்விட்டாள்.

கடைசி ரேக்குக்குப் பின்னால் குனிந்திருந்தாள். "அக்கா..." என்று ஒரு குரல். நிமிர்வதற்குள் வெளிச்சம் ஒடுங்கியது. தொம். பிறகு, பூட்டு விழுகிற சத்தம்.

பதினொன்று ஐம்பத்து இரண்டு. கையில் கோவிந்தனின் பழைய வாட்ச் கட்டியிருந்தாள். இருட்டில் முள் மட்டும் பச்சையாய்த் தெரிந்தது.

கத்தினாள். கதவை அறைந்தாள். நாலு அங்குலச் சுவர், குரல் எங்கே போகும்? டில்லிபாபுவின் ஆட்டோ கிளம்பியது தரை வழியாக லேசாக அதிர்ந்து, அப்புறம் அதுவும் நின்றது. அவன் பட்டாபிராம் போய்த் திரும்ப மூன்று மணி ஆகும்.

ஒரு மணிக்குப் பொன்னம்மாள் போய்விடுவாள். அதற்கப்புறம் அவர் தனியாக, கூப்பிடக் குரலில்லாமல்...

பன்னிரண்டு பதினேழு. மறுபடி கதவைத் தட்டினாள். டக். டக். டக்.

டக். டக். டக்.

பதில் வந்தது. வெளியே ஆள்! இன்னும் வேகமாகத் தட்டினாள். மூன்று தரம். நின்று கேட்டாள்.

டக்... டக்... டக்.

சத்தம் கதவிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கடைசி ரேக் பக்கம்.

ஐஸ் உருகிச் சொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொட்டுவது எண்ணிக்கை பார்த்தா சொட்டும்? அதற்குமேல் அவள் தட்டவில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்று. மாவு வாசனை போயிருந்தது. பச்சை இறால் வாடை அடித்தது. சைவ மாவுக் கம்பெனியில்... இறால்.

பன்னிரண்டு நாற்பது. கதவோரம் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சரக்... ஈரத் தரையில் ஏதோ இழுபட்டது.

சரக்... கிட்டே.

கணுக்காலில் குளிர்ச்சியாக மூச்சு பட்டது.

ஒரு பெண் குரல். ரொம்ப மெதுவாக. தொண்டை கட்டிய குரல்.

"போட்டுகினு வந்துட்டியா..."

அனுசுயா காலை இழுத்துக்கொண்டாள்.

"நானும் அப்டித்தான் வந்தேன்."

குதிகாலில் விரல்கள்.

இடது செருப்பு கழன்றது.

வலது...

அப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்று பதினாறுக்குக் கதவு திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. டில்லிபாபு பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"இன்னாக்கா இது! உள்ளியா இருந்தே?"

நடந்தது இதுதான். நேரத்துக்கு வராத அனுசுயாவுக்குப் பொன்னம்மாள் நாலு தடவை போன் பண்ணியிருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும் டில்லிபாபுவுக்குப் பண்ணியிருக்கிறாள். அவன் பாதி லோடு இறக்கியதோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"நான் பூட்டும்போது செருப்பு இல்லக்கா. அம்மா சத்தியமா இல்ல. நீ பாத்ரூம்ல கீறேன்னு நெனச்சிகினு போயிட்டேன். இப்ப வந்து பாத்தா பூட்டு அப்டியே தொங்குது. திரும்பிப் போவலாம்னு பாத்தேன், செருப்பு கீது. அதான் தெறந்தேன்."

அவள் செருப்பு வாசலில் இருந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே. ஒழுங்காக, ஜோடியாக.

"அது இருக்கட்டும்க்கா. இந்த இன்னொரு ஜோடி யார்து?"

பக்கத்தில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. சின்னக் கால். ஈரமாக இருந்தது.

அவள் நின்று பார்க்கவில்லை. வெறுங்காலோடு ஸ்கூட்டியில் பறந்தாள். பொன்னம்மாள் திட்டிக்கொண்டே அங்கேயேதான் இருந்தாள். கோவிந்தனின் மார்பு சீராக ஏறி இறங்கியது. அனுசுயா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே ஆளை வைத்து உள்ளே கம்பி போட்டாள். பூட்டைத் தூக்கி எறிந்தாள். நீலச் செருப்பையும் குப்பை வண்டியில் போட்டாள். மறுநாள் காலை அது கோல்டு ரூம் வாசலில் இருந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் போன லாரியில் ஏற்றிவிட்டாள். அதற்கும் அடுத்த காலை... அங்கேயே. ரூமை விற்றுவிடலாம்தான். விற்றால் மாவு எங்கே வைப்பது? மாவு இல்லையென்றால் மிஷின் எங்கே, ஆயா எங்கே? அவளால் அதை விடவும் முடியவில்லை, அதோடு இருக்கவும் முடியவில்லை.

அம்பத்தூர் போய் உஸ்மான் கனி பாயைப் பிடித்தாள். அந்த ரூம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பாய் தாடியைத் தடவினார்.

"கேக்காதம்மா."

"சொல்லுங்க பாய்."

"எறால் கம்பெனிலேந்து வந்துச்சு. எல்லம்மான்னு ஒரு பொண்ணு அங்க வேல செஞ்சிருக்கு. கொழந்தைக்கு ஜொரம்னு ஊட்டுக்கு ஓடுற அவசரம். ஏதோ எடுக்கப் போயி உள்ள மாட்டிகிச்சு. சனிக்கிழம சாயந்திரம் பூட்னாங்க. திங்கக்கிழமதான் தெறந்தாங்க."

அனுசுயா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"வெறுங்காலோட கெடந்துச்சும்மா. செருப்ப எவ்ளோ தேடியும் கெடைக்கல. நீல செருப்பு."

அதற்கப்புறம் அனுசுயா அந்த ஜோடியைத் தொடவில்லை. பழகியும் போனாள். மத்தியானம் கிளம்பும்போது கோல்டு ரூம் பக்கம் பார்த்து, "ஊட்டுக்குப் போறேன், அவருக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். டில்லிபாபுவுக்கு அது பிடிக்கவில்லை. "போற எடத்தச் சொல்லாதக்கா" என்பான்.

போன சனிக்கிழமை, பன்னிரண்டு பத்துக்கு, கிளம்பலாம் என்று திரும்பினாள். கோல்டு ரூம் வாசல் காலியாக இருந்தது. ஈரத் தடம் மட்டும் இருந்தது. மனசுக்குள் ஒரு நிம்மதி... கும்பிட்டாள். கண்ணில் நீர்கூட வந்தது.

அப்போது போன் அடித்தது. பொன்னம்மாள்.

"ஏம்மா, யாரையாச்சும் ஊட்டுக்கு அனுப்சியா?"

"இல்லையே. ஏன்?"

"ஐயா கண்ண எடுக்காம மூலையவே பாத்துகினு கீறாரு. வாசல்ல ஒரு ஜோடி நீல செருப்பு கீது."