தபால் பையில் தையல் பெல்ட்

தையல்கார அக்காவுக்கு இடது காலில் ரத்தம் உறைந்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் கிடந்து மாத்திரைப் பொட்டலத்தோடு வீடு வந்து பார்த்தால், தையல் மெஷினில் பெல்ட்டைக் காணோம். கழற்றியது வேறு யார், அவளுடைய தபால்காரத் தம்பிதான்.

"உக்காந்தே கெடந்ததாலதான் இப்படி ஆச்சு. இனிமே தையலே வேணாம்க்கா."

"எந்நேரமும் பெடலை மிதிக்கிறேனேடா, காலு சும்மாவா இருக்கு?"

தம்பி தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெல்ட் திரும்பி வரவில்லை. நடுநடுவே எழுந்து நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. உட்காரவே கூடாது என்று முடிவு கட்டினான் தம்பி. தெருத்தெருவாக நடக்கிறவன் அல்லவா, உலகத்து நோயெல்லாம் நாற்காலியிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பு.

வேறு பெல்ட் வாங்க அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தேம்பித் தேம்பி அழுததை அவள் பார்த்திருந்தாள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெட்டிவைத்த துணிகள் மேஜையில் கிடக்க, கை பரபரக்க, ஜன்னலோரம் சும்மா நின்றாள். தையல் இல்லாத வீடு அவளுக்கு வீடாகவே இல்லை.

அப்புறம் ஒருநாள், கடிதத்தோடு மாடிப்படி ஏறிய தம்பிக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்தது. செய்தி கேட்டு அக்கா அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பரிசோதித்துவிட்டு, இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்றார் அதே டாக்டரம்மா.

"நான் உக்காரவே மாட்டேனே டாக்டர்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி முறையிட்டான் தம்பி.

"உங்களுக்குத் துடிப்புக் கோளாறு, அக்காவுக்கு ரத்தக் கட்டு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஏகப்பட்ட பேரோட மரபணுவை ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. ரத்தம் உறையற வாகு பிறவியிலேயே இருக்கிறவங்களுக்கு இந்தக் கோளாறும் கொஞ்சம் கூடுதலா வருதாம். உங்க குடும்பத்துலயும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மொத்தப் பழியையும் நாற்காலி மேல போடாதீங்க."

"அப்ப அக்கா தைக்கலாமா?"

"அப்பப்ப எழுந்து நடந்தா தாராளமா தைக்கலாம். அன்னைக்கே சொன்னேனே!"

தம்பி தபால் பைக்குள் கைவிட்டுத் துழாவினான். கடிதங்களுக்கு அடியிலிருந்து பெல்ட் வந்தது. இத்தனை நாளும் தெருத்தெருவாக அதைச் சுமந்திருக்கிறான்.

"வீட்ல வச்சா நீ கண்டுபிடிச்சிருவேல்ல..."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "போடா மடையா" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இப்போது மெஷின் கடகடவென்று ஓடுகிறது. தபால் கொடுத்துவரும் வழியில் தம்பி ஜன்னலைத் தட்டி, "எந்திரிக்கா!" என்பான். அவள் தெருக்கோடிவரை நடந்து திரும்புவாள். அதுவரை அவளுடைய முக்காலியில் அவன் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும்; அது அவள் போட்ட சட்டம். அவனும் மறுபேச்சில்லாமல் உட்காருவான்.

ஆனால் நடக்கக் கிளம்பும்போது, பெல்ட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவாள்.