அப்பா வழி காட்டிய ஞாயிறுகள்

யுத்தம் பர்மாவுக்கு வந்தபோது நாங்கள் ரங்கூனிலிருந்து கப்பல் ஏறினோம். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தார். அம்மா ரங்கூனிலேயே பிறந்தவள். அவளைப் பெற்றவர்களும் அங்கேயே வாழ்ந்து முடிந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர், "எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டார். அப்பா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"திருச்சினாப்பள்ளி. அதுதான் எங்க சொந்த ஊரு."

அந்தச் சொல்லை நம்பித்தான் நாங்கள் ரயிலில் உட்கார்ந்திருந்தோம். ரங்கூனில் அப்பா எதற்கெடுத்தாலும் திருச்சியைத்தான் சொல்வார். எங்கள் ஊர்த் தண்ணீர், எங்கள் ஊர் மலை, எங்கள் ஊர்க் காவேரி. அதனால் ரயிலை விட்டு இறங்கியதும் யாராவது ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. ஒரு ஜட்காக்காரர் மட்டும் வந்து எங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்.

பாலக்கரையில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. ரயில் சரக்குக் கொட்டகையில் அப்பாவுக்குக் குமாஸ்தா வேலையும் கிடைத்தது. அம்மாவுக்குத்தான் அந்த ஊரில் எதுவும் கிடைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ரங்கூனில் காலையில் தனாக்கா என்ற மரப்பட்டையைச் சந்தனம்போல் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வது வழக்கம். வெயிலுக்குக் குளிர்ச்சி. அம்மா கப்பலில் ஒரு கட்டை கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் நாள் காலையில் எங்களுக்குப் பூசிவிட்டாள். கீழ் வீட்டு வாத்தியார் மனைவி தம்பியைப் பார்த்துவிட்டு, தன் குழந்தையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்களுக்கு அம்மை போட்டிருக்குன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார்.

அம்மா அன்றே எங்கள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கடைத்தெருவில் வேறொன்று நடந்தது. எங்கள் வீட்டில் மார்க்கெட்டை 'ஸே' என்போம். அது பர்மாச் சொல் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அம்மா யாரிடமோ "ஸேக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள். அங்கே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பொல்லாத சிரிப்பில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் வாசற்படி இறங்குவதில்லை. காய்கறி அப்பா வாங்கி வருவார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். தெருவிலிருந்து யாராவது நிமிர்ந்து பார்த்தால் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

அப்பா இதையெல்லாம் கவனித்தாரா என்று தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே சொன்னார்:

"இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துக்குப் போறோம். நம்ம ஊரை நாமே பார்க்கலைன்னா எப்படி? நான் காட்டுறேன் வாங்க."

முதலில் மலைக்கோட்டை. தம்பி படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, நடுவில் ஒரு குரங்கைப் பார்த்ததில் கணக்கை விட்டுவிட்டு அழுதான். உச்சியில் நல்ல காற்று. அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். "கிட்ட ஓடுறது கொள்ளிடம். அதோ தூரத்துல, அதுதான் காவேரி." பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்களைப் பார்த்ததும் குழந்தையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். கிட்ட ஓடுவது காவேரி, தூரத்தில் இருப்பதுதான் கொள்ளிடம் என்று நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்தது ஸ்ரீரங்கம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது புகைந்து புகைந்து பாலத்தைத் தாண்டுவதற்குள் எங்கள் துணியெல்லாம் கரி வாசனை. ஊருக்குள் நுழையும் இடத்தில் அப்போது மொட்டையாகத்தான் நின்றது அந்தப் பெரிய கோபுரம். தம்பி, "அதுக்கு ஏம்ப்பா தலை இல்லை?" என்று கேட்டான்.

"இடி விழுந்து உச்சி போயிடுச்சு" என்றார் அப்பா. "நான் சின்னப் பையனா இருக்கிறப்போ பேசிக்குவாங்க."

எங்களுக்கு முன்னால் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று திரும்பினார். நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"இடியும் விழல்லை, ஒண்ணும் விழல்லை. கட்டினதே அவ்வளவுதான். நீங்க எங்கேர்ந்து வரேள்?"

"உள்ளூர்தான்" என்றார் அப்பா.

பெரியவர் எங்கள் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம். பெருமாளை நன்னா சேவிச்சுட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோபுரத்தைத் தாண்டினால் தெரு, தெருவில் வீடுகள், கொடியில் துணிகள். அதைத் தாண்டினால் இன்னொரு கோபுரம், மறுபடி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் அப்பா, "இதோ, சன்னதி வந்தாச்சு" என்பார். வராது. ஒரு கோவிலுக்குள்ளே இத்தனை பேர் குடியிருக்க முடியும் என்று எங்களைப்போலவே அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக முக்கொம்பு போனோம். ஆடி மாதம், ஆறு நிறையத் தண்ணீர். அம்மா புளிச்சாதம் கிளறி, மேலே ரங்கூன் பழக்கப்படி பொடித்த வேர்க்கடலையும் வறுத்த பூண்டும் தூவி எடுத்துக்கொண்டாள். மதகுகளின் வழியாகத் தண்ணீர் விழும் சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மரத்தடியில் சாப்பிட்டோம். தம்பி தண்ணீரில் இலை விட்டான். அம்மா காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் தோள்களின் இறுக்கம் தளர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அஞ்சு மணிக்கு பஸ். எனக்குத் தெரியும்" என்று அப்பா சொல்லியிருந்தார். நாலரைக்கே சாலைக்கு வந்து நின்றோம். ஐந்து ஆயிற்று. ஐந்தரையும் ஆயிற்று. பஸ் வரவில்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏதுங்க? நாலு மாசமாச்சே நிறுத்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருச்சி என்பதே அந்த நிமிஷம் அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தம்பி கால் வலிக்கிறது என்றான். அப்பா ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, மடியிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திருச்சியோ சீனாவோ எந்த ஊராக இருந்தாலும் இனி ஒன்றுதான் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

அப்போதுதான் வாழையிலைக் கட்டு ஏற்றிய ஒரு மாட்டு வண்டி தோப்பிலிருந்து சாலைக்கு ஏறியது. ஓட்டிவந்தவள் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, இது ஸேக்குப் போற வண்டியா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டிக்காரப் பெண் மாட்டைப் பிடித்து நிறுத்தி, "என்ன சொன்னீங்க? சேயா?" என்று சிரித்தாள். நான் அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள்.

"மார்க்கெட்டுக்கு எங்க ஊர்ல அப்படிச் சொல்லுவோம்."

"எந்த ஊரு?"

"ரங்கூன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியை விட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. துறைமுகத்துல மூட்டை தூக்குற வேலை. குண்டு போட்டதுக்கப்புறம் கடுதாசி இல்லை. வலது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். நீங்க பார்த்திருக்கீங்களா?"

அந்தத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அப்பாவாக இருந்தால், பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அம்மா அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைக்கா. பார்த்ததில்லை. ஆனா அவங்க இருந்த இடம் எனக்குத் தெரியும். சொல்லவா?"

"ஏறுங்க" என்றாள் அவள். "ஜீயபுரத்துல ரயில் நிக்கும். அங்க இறக்கி விடுறேன். பிள்ளைங்களைத் தூக்கி மேல வைங்க."

இலைக் கட்டுகளின் மேல் நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா முன்னால் அவள் பக்கத்தில். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வாழைத் தோப்பு. வண்டி மெதுவாகப் போயிற்று. ரங்கூனை விட்டு வந்த பிறகு அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. துறைமுகத்துக்குப் போகும் தெருக்கள், மழைக்காலத்தில் அவற்றில் தேங்கும் தண்ணீர், சுமை தூக்குகிறவர்கள் கூட்டமாகத் தங்கும் நீளமான மாடிக் கட்டடங்கள், அவற்றின் கீழே தமிழர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள், அங்கே வெள்ளிக்கிழமை வைக்கும் பாயசம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் இடையிடையே கேட்டாள்.

"குளிக்க ஆறு இருக்கா?"

"பெரிய ஆறு இருக்குக்கா. ஆனா குழாய்லதான் குளிப்பாங்க."

"சோறு நல்லா கிடைக்குமா?"

"அரிசிக்கு அங்க குறைவே கிடையாது."

"படுக்க இடம்?"

"நெருக்கடிதான். ஆனா மழை படாது."

இல்லாததை அவள் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கேட்டவளும் அதைத்தான் விரும்பினாள் போலிருக்கிறது. எட்டு வருஷமாகப் புருஷன் எங்கே படுக்கிறான், எந்தத் தெருவில் நடக்கிறான் என்று தெரியாமலே இருந்தவள் அவள். அப்பா வண்டியின் பின்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை.

ஜீயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் பிறந்தது உப்பிலியபுரத்துக்குப் பக்கத்துல ஒரு பட்டி. ஆறு வயசுல எங்கப்பா கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. திருச்சியில இருந்தது ஒரே ஒரு பகல். மலைக்கோட்டையை ரயில் ஜன்னல்லேர்ந்துதான் பார்த்தேன்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்போ தெரிஞ்சுது?"

"ஸ்ரீரங்கத்துல."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

 தம்பி அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தான். அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை எடுத்துப் போட்டாள்.

"நீங்க காட்டுறேன்னு சொன்னப்போ எனக்குத் தைரியமா இருந்துச்சு. பொய்யா இருந்தாலும் வேண்டியிருந்துச்சுங்க" என்றாள்.

அப்பா முதலில் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்கு ஊர் இருக்கிறது என்று முப்பது வருஷம் அந்நிய தேசத்தில் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், அந்த ஊருக்குள் வந்து நின்று அது தன்னுடையதில்லை என்று தெரிந்துகொள்வது எப்படி இருந்திருக்கும்? பதினொரு வயதில் எனக்கு அது புரியவில்லை. அப்பா பொய் சொன்னார் என்ற கோபம்தான் இருந்தது. நானே கல்யாணமாகி வேற்றூர் போய், அங்கே பார்த்தறியாத தெருக்களை என் குழந்தைகளுக்குச் சரளமாக அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் அந்தக் கோபம் போயிற்று.

அந்தப் பெண் மார்க்கெட்டுக்கு இலை கொண்டுவரும் நாட்களில் எங்கள் வீட்டு மாடிக்கு வர ஆரம்பித்தாள். அவளைப் பார்க்கவென்றே அம்மா தனியாக மார்க்கெட்டுக்குப் போகவும் தொடங்கினாள். வாத்தியார் மனைவியும் சில நாள் கூடப் போவார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. சமயபுரம், கல்லணை, மறுபடி ஸ்ரீரங்கம். அதன் பிறகு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுகிறவரிடம், "நாங்க ஊருக்குப் புதுசு. எப்படிப் போகணும் சொல்லுங்க" என்பார். சொல்வதற்கு ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொள்ளிடம் எது, காவேரி எது என்பது உட்பட எல்லாம் சொன்னார்கள்.

வண்டிக்காரப் பெண்ணுக்குக் கடிதம் வரவில்லை. ஒரு நாள் அவள் அம்மாவிடம், "அவரு அங்க பேசுற பேச்சு ரெண்டு எனக்குக் கத்துக்கொடு தங்கச்சி. வந்தா கேட்டுக்குவாரு" என்றாள். 'சாப்பிட்டாச்சா' என்பதற்கு பர்மாவில் 'தமின் சா பீ பீ லா' என்பார்கள். அதை அவளுக்கு அம்மா பல வாரம் சொல்லிக்கொடுத்தாள். படி இறங்கும்போதெல்லாம் அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவள் புருஷன் வந்துவிட்டார். கால் ஒன்று சரியாக ஊன்ற முடியாமல், எலும்பும் தோலுமாக. இரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரத்தில் அவள் எங்கள் மாடிப்படியில் ஓடிவந்து, மூச்சு வாங்க நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"இலையைப் போட்டு சோறு வைச்சிட்டு, நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே கேட்டேன் தங்கச்சி. மனுஷன் திருதிருன்னு முழிக்கிறாரு. 'என்னடி உளர்றே'ங்கிறாரு. அங்க இருந்த பன்னெண்டு வருஷமும் அவரு தெலுங்கு ஆளுங்களோடதான் இருந்தாராம். பர்மாப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாதாம்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஆபீஸ் சட்டையில் பாதிப் பொத்தான் போட்டபடி உள்ளேயிருந்து வந்து, என்ன ஏதென்று கேட்டு, அவரும் சிரித்தார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிக்கிட்டு வரேன். ஸ்ரீரங்கம் பார்க்கணுங்கிறாரு. நீங்களும் வாங்க, எல்லாருமாப் போவோம்" என்றாள்.