கட்டைவிரல் நுழையாத லூப்

பெல்ட்டைப் பக்கிளில் மாட்டிய பிறகு மிச்ச முனை தொங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தோல் வளையம் இருக்குமே, அதற்கு எங்கள் பட்டறையில் லூப் என்றுதான் பெயர். குதிரைக் கடிவாளத்திலும் அதே லூப்தான். ஒரு கடிவாளத்துக்குப் பத்து, பன்னிரண்டுகூட வரும். ஆறு வருடமாக நான் கையால் தைப்பது அதைத்தான். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தோல் சாமான் செய்யற எடத்துல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். லூப் தைக்கிறேன் என்றால் அதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோல் பார்ப்பார்கள். விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தோல் வேலை எதற்கு என்று கல்யாண வீட்டில் முகம் சுளித்த உறவினர் ஒருவர் உண்டு. அவர் இடுப்பில் அன்று நல்ல அகலமான பெல்ட் இருந்தது.

அதற்கு முன்னால் ஒரு ஷூ கம்பெனியில் மிஷினில் இருந்தேன். விடிவதற்குள் வேன் வந்துவிடும். கழுத்து வலி வந்து, டாக்டர் குனியாதே என்றார். வீட்டில் இருந்த நாளில்தான் திருவண்ணாமலை கடைத்தெருவில் ஒரு மாடிப்படி ஓரம் "கைத்தையல் தெரிந்த பெண்கள் தேவை" என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மேலே ஏறினால் ஒரே நீளமான அறை, தோல் வாசனை, ஏழெட்டுப் பெண்கள். பட்டறை நடத்துகிறவர் வாணியம்பாடிக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். இங்கே தைக்கிற கடிவாளங்கள் சென்னை வழியாக வெளிநாட்டுக்குப் போகின்றன. முதல் நாளே அவர் ஒரு வாரைப் பக்கிளோடு என் கையில் கொடுத்துச் சொன்னார்:

"பக்கிள் பக்கத்துல இந்த எடம் பாத்தீங்களா? இங்க மிஷின் போகாதுமா. கைதான் போகும்."

வேலை இப்படித்தான். வார் பக்கிளைச் சுற்றி மடங்கி வருகிற இடத்தில், இரண்டு மடிப்புக்கும் நடுவே லூப்பின் இரு முனையையும் செருக வேண்டும். முனைகளைச் சீவி மெலிதாக்கியிருப்போம். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரு பக்கமும் இரண்டு ஊசி கோத்து, ஒரே துளைக்குள் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் நிற்கும். பிறகு லூப்பை நனைத்து, மர அச்சை உள்ளே தட்டி, ஓரம் சதுரமாக நிற்கும்படி காயவைப்போம்.

இதில் நான் சீக்கிரமே பேர் வாங்கினேன். என் லூப்பில் காற்றுகூடப் போகாது. வாரை விட்டால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களிடம் பாய் என்னுடையதை எடுத்துக் காட்டி, "லூப்புன்னா இப்படி இருக்கணும்" என்பார். கேட்காததுபோல் குனிந்துகொள்வேன். மனசுக்குள் குளிர்ந்துபோகும்.

போன மழைக்காலத்தில், கார்த்திகை பிறந்த புதிதில், ஏழு அட்டைப்பெட்டிகள் மாடியேறித் திரும்பி வந்தன. கோடையில் நாங்கள் அனுப்பிய கடிவாளங்கள். பாய் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்னா பாய், தோல் சரியில்லயா?"

"தோல் நல்லாத்தான் இருக்குது. லூப் டைட்டாம்."

எனக்குப் புரியவில்லை. "டைட்டா இருந்தா நல்லதுதான?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வார் உள்ள போகலன்னு எழுதியிருக்காங்க. இழுத்து இழுத்து சில எடத்துல தையலே பிரிஞ்சிருக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. மேஜையிலேயே ஒரு வாரை எடுத்து லூப்பில் விட்டுக் காட்டினேன். போயிற்று. இன்னொன்றில் விட்டேன். அதுவும் போயிற்று. "இதோ போகுதே பாய்! மாட்டத் தெரியாதவங்க கையில குடுத்தா நாம என்னா பண்றது?"

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மொத்தத்தையும் பிரிச்சி லூஸா தைக்கணும்மா. எவ்ளோ லூஸ்னு மட்டும் அவங்க எழுதல. ஜாஸ்தி விட்டா வார் நழுவுதுன்னு திரும்பவும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

தீபத் திருவிழா நெருங்கியது. பஸ்களை ஊருக்குள் விடுவதில்லை என்பதால் பாய் நாலு நாள் பட்டறைக்கு லீவு விட்டார். நான் ஒரு கடிவாளத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம் என்று. யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. நாலு மாடு வைத்திருக்கிறாள்.

"அண்ணி, சந்தைக்கு வர்றேன். ஒரு கறவ மாடு பாக்கணும். நீங்களும் வாங்களேன், தனியா போனா ஏமாத்திடுவானுங்க."

"எனக்கு மாட்டப் பத்தி என்னாடி தெரியும்?"

"கூட நிக்க ஆள் வேணும், அவ்ளோதான். குதிரைகூட வந்திருக்குதாம்."

குதிரை என்றதும்தான் அது என் தலையில் உறைத்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ கடிவாளங்களுக்கு லூப் தைத்திருக்கிறேன். குதிரை அதைப் போட்டுக்கொண்டு நிற்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊர்வலத்தில் போகிற குதிரையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கடிவாளத்தோடு குத்தூசி, ஊசி, நூல், சின்னக் கத்தி எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போட்டேன்.

தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தை ஊருக்கு வெளியே இருந்தது. முந்தின நாள் மழையில் தரை சேறும் சகதியுமாகக் கிடந்தது. நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடு மாடாகப் பார்த்தாள், பல் பார்த்தாள், மடியைத் தொட்டாள், ஒன்றும் பிடிக்கவில்லை என்றாள். ஒரு மணி நேரம் கழித்து நான் அவளைக் குதிரைகள் பக்கம் இழுத்துப் போனேன்.

ஓரமாக ஒரு பழுப்புநிறப் பெண் குதிரை நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். குடியாத்தம் பக்கம் என்றார் பிறகு. நான் பையிலிருந்து கடிவாளத்தை எடுத்து நீட்டினேன்.

"அண்ணே, இத உங்க குதிரைக்கு ஒரு வாட்டி மாட்டிப் பாக்கலாமா?"

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "விக்க வந்தீங்களா?"

"இல்ல. இதுல இருக்கற லூப் நான் தச்சது. சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு பாக்கணும்."

அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சிரித்துக்கொண்டே கடிவாளத்தை வாங்கித் தடவினார். இரும்பை வாயில் கொடுத்து, தலைவாரைக் காதுக்குப் பின்னால் எடுத்து, கன்னத்து வாரைப் பக்கிளில் மாட்டினார். அதுவரைக்கும் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. லூப்புக்கு வந்ததும் நின்றது. இடது கை குதிரையின் மூக்கைப் பிடித்திருந்தது. வலது கை மட்டும்தான் வாரோடு மல்லுக்கட்டியது. கட்டைவிரலால் வார் முனையை உள்ளே தள்ளிப் பார்த்தார். விரல் நுனிக்கு இடமில்லை. குதிரை தலையை உதறியது. மறுபடி தள்ளினார். மறுபடி உதறியது.

"அழகா இருக்குதுக்கா" என்றார் மூச்சு வாங்கியபடி. "ஆனா இது பொட்டியில வெக்கிறதுக்கு. குதிரைக்கு இல்ல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் மேஜையில், வெளிச்சத்தில், இரண்டு கையாலும் மாட்டிப் பார்த்துவிட்டுப் போகுதே போகுதே என்று கத்தியிருக்கிறேன்.

"நீங்க மாட்டுங்க, அப்பத்தான் தெரியும்" என்று அவர் விலகிக்கொண்டார். கிட்டப் போனேன். அதன் மூச்சு சூடாக என் கையில் பட்டது. அந்தப் பெரிய கண்ணைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். குதிரை ஒரு அடி பின்னால் போனது. நாத்தனார்தான் வந்து கயிற்றைப் பிடித்து, மாட்டுக்குச் சொறிவதுபோல் அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள்.

"அண்ணி, நீங்க பயந்தா அதுவும் பயப்படும். சும்மா செய்யுங்க."

செய்தேன். ஒரு கையால் முடியவில்லை. என் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"மழையில நனைஞ்சா வார் ஊறி இன்னும் தடிச்சிடும்" என்றார் அவர். "அப்ப பல்லால கடிச்சித்தான் இழுக்கணும்."

அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கத்தியால் ஒரு லூப்பின் தையலை அறுத்தேன். உள்ளே மடங்கியிருந்த முனைகளைக் கொஞ்சம் வெளியே எடுத்து, கடிவாளத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு திரும்பத் தைத்தேன். அவர் மாட்டினார். வார் சுலபமாகப் போனது. குதிரை இரண்டு தடவை தலையை ஆட்டியதும் அதே சுலபத்தில் வெளியே வந்து தொங்கியது.

"இப்ப ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சி" என்றார்.

மறுபடி பிரித்தேன். இந்த முறை உள்ளே ஏதாவது தக்கை கொடுத்துத் தைக்கலாம் என்று பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட்டை மடித்துப் பார்த்தேன், கம்மி. காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று கிடந்தது. உள்ளே நுழைகிற வார் முனையோடு அந்தக் கார்டையும் சேர்த்து வைத்து, அதன்மேல் லூப்பை வளைத்துத் தைத்தேன். கார்டை உருவியபோது மெல்லிய ஒரு இடைவெளி இருந்தது. அவர் வாங்கிப் பக்கிளில் மாட்டி, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்துவிட்டார். குதிரையை ஒரு சுற்று ஓடவிட்டுக் கொண்டுவந்தார். வார் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதுதான்க்கா. இத அப்படியே வுட்டுடுங்க."

அதற்குள் நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் தன் சாமான் மூட்டையிலிருந்து பழைய கடிவாளம் ஒன்றை எடுத்து வந்தார். லூப் அறுந்த இடத்திலெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். நானே வாங்கி, அவரிடமிருந்த ஒரு துண்டுத் தோலைச் சீவி, மூன்று லூப் தைத்துக் கொடுத்தேன். நடுவில் மழை தூறியது. நாத்தனார் பிளாஸ்டிக் தாளை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டீ வாங்கி வந்தார். மாடு எதுவும் வாங்காமலேயே அவள் சாயங்காலம் ஊருக்குப் போனாள். அடுத்த வாரம் பக்கத்து ஊரிலேயே ஒரு மாடு விலை படிந்துவிட்டதாகப் போன் செய்தாள்.

பட்டறை திறந்த அன்று பாயிடம் கடிவாளத்தைக் கொடுத்து, "டீ கிளாஸ கீழ வெக்காதீங்க பாய். ஒரு கையாலயே மாட்டிப் பாருங்க" என்றேன். முதலில் பழைய லூப். டீ அவர் சட்டையில் சிந்தியது. அப்புறம் புதியது. போயிற்று. திரும்பத் திரும்ப மூன்று தடவை மாட்டிக் கழற்றினார். ஏடிஎம் கார்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப இவ்ளோ நாளா நான் உங்கள தப்பா பாராட்டிட்டு இருந்திருக்கேன்."

அந்த ஏழு பெட்டியையும் பிரித்துத் தைக்கப் பதினைந்து நாள் ஆனது. என் தையலை நானே அறுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் வர மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. நான்காம் நாளிலிருந்து அந்தக் கஷ்டமும் போய்விட்டது. பக்கத்துப் பெண்கள் கூடவே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பழைய கார்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ரேஷன் கார்டை எடுத்து வந்துவிட்டாள். அதை மட்டும் பாய் திருப்பி வீட்டுக்கு அனுப்பினார்.

பெட்டிகள் போயின. பொங்கல் முடிந்து பாய் போனில் ஒரு போட்டோ காட்டினார். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண், கறுப்புக் குதிரை, எங்கள் கடிவாளம். எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். நான் விரலால் பெரிதாக்கிக் கன்னத்தோரம் பார்த்தேன். வார் முனை லூப்புக்குள் நேராக நின்றது. அடுத்த ஆர்டருக்குப் பெல்ட்டும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெல்ட்டுக்கான லூப்பைத்தான் இந்த வாரம் தைத்துக்கொண்டிருக்கிறேன். பெல்ட் வார் கொஞ்சம் தடிமன். கார்டு மட்டும் போதுமா என்று இன்னும் முடிவாகவில்லை. நாளைக்கு ஈரக்கையோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பாயிடம் சொல்ல வேண்டும்.