நர்ஸ் பள்ளிக்குப் பத்து மைல்

நூம்பலிலிருந்து நானும் அண்ணியும் கிளம்பியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பட்டணத்தில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸ் பள்ளியில் அன்று பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. போக வேண்டிய தூரம் பத்து மைல். வேலப்பன்சாவடிக்குப் போய் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தால் ஆளுக்கு மூன்றணா. ஆனால் இடம் கிடைத்தால் வெள்ளைப் புடவையும் ஷூவும் சொந்தச் செலவில் வாங்கிவர வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். அதனால் போகும்போது நடை, திரும்பும்போது பஸ் என்று அண்ணி முடிவு செய்துவிட்டாள்.

யுத்த காலம் அது. ரங்கூன் மில்லில் வேலை செய்த என் கணவரைப் பற்றி, ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு ஒரு சேதியும் இல்லை. மாமியார் வீட்டார் என்னை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அண்ணனுக்கு இருந்தது ஒரு துண்டு குத்தகை நிலமும் மூன்று பிள்ளைகளும். பூந்தமல்லிப் பள்ளியில் நான் எட்டாவது வரை படித்ததை எல்லாரும் மறந்திருந்தார்கள். அண்ணி கன்னியம்மாதான் அதைச் சொல்லிச் சொல்லி என்னை மனுப் போட வைத்தாள். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று நினைக்கிறாளோ? கேட்கத் துணிவில்லை. அவள் முன்னே நடக்க, அதே நினைப்போடு நான் பின்னே நடந்தேன்.

மதுரவாயல் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜல்லி பெயர்ந்த ரோடு. ராணுவ லாரிகள் வரிசையாகப் போகும்போதெல்லாம் புளியமரத்தடியில் ஒதுங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, புழுதி அடங்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. அண்ணி மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தந்தாள். தின்னவும் அலுப்பாக இருந்தது. இடது குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது.

நெற்குன்றத்தருகே நாங்கள் ஏறாமல் விட்ட பஸ்ஸே வழியில் நின்றிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பின்னால் பெரிய அடுப்பு பொருத்தி, கரி போட்டு ஓட்டிய வண்டி. கண்டக்டர் வேர்க்க விறுவிறுக்க அடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கூப்பிட்டான்.

"யக்கா, இஞ்சின்ல தண்ணி இல்ல. அந்தக் குட்டைலேந்து ரெண்டு பேரும் மொண்டாந்து ஊத்துங்க. அமிஞ்சிக்கரை வரிக்கும் சும்மா இட்டுகினு போறேன்."

"நெசமாத்தான் சொல்றியா? அப்பறம் டிக்கெட்டுனு கை நீட்டக் கூடாது."

"சத்தியமா நீட்ட மாட்டேன், போக்கா!"

தகர டின்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் குட்டைக்கும் பஸ்ஸுக்குமாக நடந்தோம். உள்ளே இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசி டின்னோடு நான் வண்டியின் பின்பக்கம் வந்த நேரம், கண்டக்டர் அடுப்பு மூடியைத் திறந்து கம்பியால் குத்தினான். குப்பென்று கரிப்புகை கிளம்பி என் மேல் அடித்தது. ஈரப்புடவையைத் துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவியது. இன்டர்வியூவுக்காகவே கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த புடவை. ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"ஏறு மொதல்ல. அழுவறத உள்ள குந்திகினு அழு" என்று அண்ணி என்னைத் தள்ளி ஏற்றினாள்.

அமைந்தகரையில் இறங்கியதும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். மாவாட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பின்கட்டைக் காட்டி, குடிக்க நீரும் கொடுத்தாள். அங்கே அண்ணி தன் மாம்பழ நிறப் புடவையை அவிழ்த்து எனக்குக் கட்டினாள். என் கரிப்புடவையைத் தான் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க எப்படி இதோட வருவீங்க, அண்ணி?"

"என்னயா கேள்வி கேக்கப் போறாங்கோ? நட."

பள்ளிக்கூடத்து வராந்தா பினாயில் மணத்தோடு பளபளத்தது. பெஞ்சில் காத்திருந்த பெண்களில் பலர் ஷூ போட்டிருந்தார்கள். தகப்பனார்கள் கோட்டும் தலைப்பாகையுமாக உடன் வந்திருந்தார்கள். அண்ணியைக் கரி விற்பவள் என்று நினைத்துக் காவல்காரன் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

உள்ளே தலைமை நர்ஸ் ஓர் ஆங்கிலோ-இந்திய அம்மாள்; தமிழ் நன்றாகவே பேசினார். ஒரு பத்தி படிக்கச் சொன்னார். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா என்று கேட்டார். பிறகு, "உன் கணவர் திரும்பி வந்து கூப்பிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விடுவாயா?" என்றார். வரமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் இருப்பேன் என்று சொல்லத் தைரியமில்லை.

"உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?"

அண்ணியை அழைத்து வந்தார்கள். அந்தச் சுத்தமான அறையில் அவள் கறுப்புப் புடவையோடு கைகட்டி நின்றாள். அவளிடமும் அதே கேள்வி.

"வந்தா நல்லதாச்சேம்மா! வரட்டும். இவ படிச்சி முடிக்கிற வரிக்கும் எங்க ஊட்ல குந்திகினு இருக்கட்டும். ஒரு வாய்க் கூழு ஊத்த மாட்டனா? லீவு உட்டா மட்டும் இவள எங்க ஊட்டுக்கே அனுப்பிடுங்கோ. புள்ளைங்க தேடுங்க."

தலைமை நர்ஸ் முதல் முறையாகச் சிரித்தார். என் கணவர் கடைசிவரை வரவேயில்லை. ஆனால் ஒரு வாய் குறையட்டும் என்று நினைப்பதாக நான் சந்தேகப்பட்டவள், அன்று இன்னொரு வாய்க்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி அண்ணி நின்றுகொண்டே தூங்கினாள். நெற்குன்றம், மதுரவாயல் என்று காலையில் ஒவ்வோர் அடியாகக் கடந்த ஊர்களெல்லாம் பின்னால் ஓடின. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

வீட்டில் அண்ணன், "இன்னா ஆச்சி?" என்று கேட்டான். "கெடச்சிடுச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி சோறுகூட வேண்டாமென்று பாயில் சாய்ந்தாள். அந்த வராந்தாவின் மின்விசிறியும் வெளிச்சமும் கண்ணிலேயே நின்றன. இங்கே சிம்னி விளக்கும் மாட்டுக்கொட்டில் வாசனையும். இரண்டில் எது என் இடமென்று அன்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, விளக்கெண்ணெய் எடுத்துவந்து அண்ணியின் வீங்கிய காலைப் பிடித்துவிட்டேன்.

"உடு, கமலா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அடுத்த மாசத்துலேந்து ஊர்ல கீற பொம்பளைங்களுக்கெல்லாம் செய்யப் போறே. இன்னிக்காச்சும் படு."

நான் கையை எடுக்கவில்லை.